தொண்ணூறு மில்லி: இடுப்பு முறிந்து வந்த ஒரு பெரியவரும் யாரும் கேட்காத கணக்கும்

நோயாளி 69 வயது ஆண். கடலூர் முதுநகரை ஒட்டிய ஊர். சர்க்கரை ஆலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று ஆண்டு ஆகிறது. மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரனோடு சொந்த வீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோய் பன்னிரண்டு ஆண்டாக. ரத்த அழுத்தம் எட்டு ஆண்டாக. விடியற்காலை நாலேகால் மணிக்குப் பாத்ரூம் போகும் வழியில் விழுந்து, இடது இடுப்பெலும்பு முறிந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், வேலை, குடும்பம் சார்ந்த சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சேர்க்கைத் தாளில் குடிப்பழக்கம் என்ற கட்டத்தில் "எப்போதாவது" என்று எழுதியிருந்தது.

இந்த "எப்போதாவது" எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர், ஸ்ட்ரெச்சரில் வலியோடு படுத்திருந்த பெரியவரைக் கேட்காமல் மகனைக் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குக் குடிப்பழக்கம் ஏதாவது உண்டா சார்?" அப்பாவின் காதில் விழுகிறது. தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். அந்த இடத்தில் எந்த மகனும் சொல்வதைத்தான் இவரும் சொன்னார்: "சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. எப்பவாச்சும்." பயிற்சி மருத்துவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, வலியிலும் "வாங்க போங்க" என்று பேசுகிற பெரியவர். இவரைப் போய் எப்படிக் குடைந்து குடைந்து கேட்பது?

மூன்றாம் நாள் இரவு

மறுநாள் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு அறுவை சிகிச்சை நடந்தது. சிக்கல் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றார்; கை லேசாக நடுங்கியது; வேர்த்தது. "புது இடம், அதான்" என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு ஆள் மாறிவிட்டார். போர்வையில் இல்லாத எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். வந்த நர்ஸிடம், "ஜூஸ் சாம்பிள் எங்கம்மா? பிரிக்ஸ் பார்க்கணும், ஷிஃப்ட் முடியப்போவுது" என்று அதட்டினார். பிரிக்ஸ் என்பது கரும்புச்சாற்றின் இனிப்பு அளவு. ஆலையை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கட்டிலை விட்டு இறங்கப் பார்த்ததால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டி, ஆளை அடக்க ஹாலோபெரிடால் ஊசி ஒன்று போட்டிருந்தார்கள். காலையில் என்னைக் கூப்பிட்டபோது கோப்பில் இருந்த குறிப்பு: "வயது காரணமான குழப்பம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம்."

நாடித்துடிப்பு 118. ரத்த அழுத்தம் 170/100. காய்ச்சல் 100.2. தோல் ஈரமாக இருந்தது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் விழி துடித்தது. தன் பெயரைச் சொன்னார். இது எந்த ஊர், எந்த மாதம் என்று தெரியவில்லை.

முதியவருக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் இப்படித் திடீரென்று புத்தி தடுமாறினால் காரணம் ஒன்றாக இருப்பது அபூர்வம். தொற்று, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறங்குவது, சோடியம் இறங்குவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, வலி மாத்திரை, விழுந்தபோது தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிவது என எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். பார்த்தோம். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை வயதுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கியிருந்தது. சிறுநீரில் தொற்று இல்லை. ஆக்சிஜன் சரி. வலிக்கு டிராமடால் போய்க்கொண்டிருந்தது. அதையும் சந்தேகப் பட்டியலில் வைத்தேன்.

ஆனால் முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் கோப்பிலேயே இருந்தது. சோடியம் 128. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., 103. தட்டணுக்கள் 1 லட்சத்து 10 ஆயிரம். கல்லீரல் நொதிகளில் ஏ.எஸ்.டி. 84, ஏ.எல்.டி. 38. ஜி.ஜி.டி. 210. இவற்றில் எதையும் தனியாக எடுத்தால் வேறு காரணம் சொல்லிவிடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்து எம்.சி.வி. ஏறலாம். அழுத்த மாத்திரையோடு சேர்ந்து வருகிற தயாசைடு சோடியத்தை இறக்கலாம். ஆனால் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்து, ஜி.ஜி.டி.யும் ஏறி, தட்டணுக்கள் குறைந்து, சிவப்பணுவும் பருத்திருந்தால் அந்தத் தாள் முதலில் மதுவைத்தான் சுட்டுகிறது.

நேரமும் பொருந்தி வந்தது. தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளில் நடுக்கமும் வேர்வையும் தூக்கமின்மையும் வரும். வலிப்பு வருமென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதும் 48 மணியிலிருந்து 96 மணிக்குள். இவர் விழுந்ததிலிருந்து மூன்றாம் இரவு வரை கணக்குப் போட்டால் சரியாக அந்த இடைவெளியில் வந்து நிற்கிறது.

பாட்டில் எத்தனை நாள் வரும்?

மகனிடம் மறுபடியும் கேட்டிருந்தால் மறுபடியும் "எப்பவாச்சும்"தான் கிடைத்திருக்கும். மருமகள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க வராந்தாவுக்கு வந்தார். அங்கே வைத்துக் கேட்டேன். குடிக்கிறாரா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை.

"ஏம்மா, மாமா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்வளவு எடுத்துக்குவாரு?"

அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மாமா குடிகாரர் இல்லீங்க டாக்டர். ஒரு நாள் தள்ளாடி வந்ததில்ல. ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. மருந்து மாதிரி அளவா எடுத்துக்குவாங்க. மில்லுல இருந்து கொண்டாந்த கண்ணாடி சிலிண்டர் ஒண்ணு வச்சிருக்காங்க. அதுல ஊத்தி, கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, தொண்ணூறுல சரியா நின்னாதான் டம்ளர்ல ஊத்துவாங்க. அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது."

"பாட்டில் எத்தனை நாளைக்கு வரும்?"

"ஃபுல்லுங்க. நாலு நாளைக்கு."

சொல்லிவிட்டு அவரே நின்றார். 750 மில்லி ஃபுல் பாட்டில், நாளைக்குத் தொண்ணூறு என்றால் எட்டு நாளுக்கு மேல் வர வேண்டும். நாலு நாளில் காலியாகிறது என்றால் இன்னொரு தொண்ணூறு எங்கே போகிறது?

பெரியவருக்குத் தெளிந்த பிறகு அவரே சொன்னார். மனைவி போன பிறகு ராத்திரி இரண்டரை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்கு மேல் தூக்கம் பிடிக்காது. வீடு நிசப்தமாக இருக்கும். எழுந்து போய் விளக்கைப் போடாமல், செல்போன் வெளிச்சத்தில் சிலிண்டரில் அளந்து, இன்னொரு தொண்ணூறு. அதையும் அளந்துதான். "எவ்வளவு எடுத்துக்கறீங்க"ன்னு யார் கேட்டாலும் தொண்ணூறு என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று யாரும் கேட்டதில்லை.

சரக்கு கன்னியக்கோவிலிலிருந்து. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஏறி எல்லை தாண்டினால் வரிசையாகக் கடைகள். டாஸ்மாக்கை விட விலை குறைவு. வாரத்துக்கு ஒரு நாள் மஞ்சப்பையோடு போய் இரண்டு ஃபுல் வாங்கி வருவார். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இளவட்டங்களின் பையைக் குடைவார்கள். இவர் பையை ஒரு நாளும் யாரும் திறக்கச் சொன்னதில்லையாம். பயிற்சி மருத்துவருக்குக் கேட்க வாய் வராததும் இதுவும் வேறு வேறு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மருந்துக்கடை கவரில் இருந்த பழைய சீட்டுகள்

பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். மருந்துக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றில் திணித்துக் கொண்டுவந்தார்கள். கடைசி ஒன்றரை வருஷத்துச் சீட்டுகளை மேசையில் தேதி வாரியாக அடுக்கினால் கதை தானாக வருகிறது.

முதல் சீட்டு: ராத்திரி தூக்கம் இல்லை. அல்பிரசோலம் 0.25 எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து: அழுத்தம் கட்டுப்படவில்லை, டெல்மிசார்டானோடு தயாசைடு சேர்த்த மாத்திரை. அடுத்தது: நடக்கும்போது தள்ளுகிறது, கால் மரத்துப்போகிறது, சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று வைட்டமின் மாத்திரை. அதற்கடுத்தது வேறொரு இடம்: மறதி. பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார். டோனெபெசில் தொடங்கியிருக்கிறார்கள். நடுவில் இரண்டு தடவை முட்டியில் தையல் போட்ட சீட்டு.

எழுதினவர்கள் யாரும் தவறான மருத்துவர்கள் இல்லை. ஒவ்வொரு சீட்டும் அந்தந்தப் புகாருக்குச் சரியான சீட்டுத்தான். ஆனால் மது இந்த எல்லாவற்றையும் செய்யும்: தூக்கத்தைக் கெடுக்கும், அழுத்தத்தை ஏற்றும், சிறுமூளையையும் கால் நரம்பையும் தாக்கி நடையைத் தள்ளாட வைக்கும், நினைவைக் கெடுக்கும். எழுதின மருந்துகளோ அதோடு சேர்ந்து இன்னும் மோசமாக்கும். அல்பிரசோலமும் பிராந்தியும் ஒரே திசையில் மூளையை அமுக்குபவை. டோனெபெசில் இதயத் துடிப்பை மெதுவாக்கலாம், மயக்கம் வரவைக்கலாம், தூக்கத்தைக் கலைக்கலாம். இதோடு, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மது உள்ளே இருக்கும்போது கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு விட முடியாது. ராத்திரி சரியாகச் சாப்பிடாத ஆளுக்கு விடியற்காலையில் சர்க்கரை சரேலென்று இறங்கும். அன்று நாலேகால் மணிக்கு விழுந்தது போதையாலா, சர்க்கரை இறங்கியதாலா, அழுத்தம் இறங்கியதாலா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கும்.

தூக்கத்தின் கதையை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதியவர்களில் பெரும்பாலோர் குடிக்குச் சொல்லும் காரணம் "தூக்கத்துக்கு" என்பதுதான். குடித்தால் கண் சீக்கிரம் சொக்கும், உண்மை. ஆனால் ரத்தத்தில் மது குறையக் குறைய பின்னிரவுத் தூக்கம் உடையும். ஒன்பது மணித் தொண்ணூறுதான் இவரை மூன்று மணிக்கு எழுப்பியது. அந்த விழிப்புக்கு மருந்தாக அவர் எடுத்தது அடுத்த தொண்ணூறு. மனைவி போன துக்கம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. அதுவும் சேர்ந்துதான் எழுப்பியது.

அளவு மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது

"முப்பது வருஷமா இதே தொண்ணூறுதானே டாக்டரம்மா, அப்பல்லாம் ஒண்ணும் பண்ணலையே?" நியாயமான கேள்வி. அவர் அளவு பார்த்து வாழ்ந்தவர். அதனால் அளவிலேயே பதில் சொன்னேன்.

இந்தியாவில் தயாராகும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் பொதுவாக நூற்றுக்கு 42.8 பங்கு மது. தொண்ணூறு மில்லியில் சுத்த மது சுமார் 30 கிராம். இரண்டு தொண்ணூறு, அதாவது ஒரு குவாட்டர், 60 கிராம். பல நாடுகளில் ஒரு அலகு என்று கணக்கிடுவது 10 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு குவாட்டர் ஆறு அலகு. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆய்வு நிறுவனம் சொல்லிவந்த உச்சவரம்பு, அவர்கள் அலகில் (ஒன்று 14 கிராம்) வாரத்துக்கு ஏழு. கிராமில் நூறுக்குச் சற்றுக் குறைவு. இவர் குடித்தது வாரத்துக்கு 420 கிராம். மனைவி இருந்த காலத்து ஒற்றைத் தொண்ணூறே 210 கிராம் வருகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது, அது வேறு.

இளைஞனின் உடம்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தண்ணீர். வயதாக ஆகத் தசை குறைந்து தண்ணீரும் குறைகிறது. மது தண்ணீரில்தான் கரைந்து பரவும். அதே தொண்ணூறை நூறு மில்லி தண்ணீரில் கலப்பதும் எழுபதில் கலப்பதும் ஒன்றா என்று கேட்டேன். ஆய்வுக்கூடத்துக்காரர் ஆயிற்றே, சட்டென்று பிடித்துக்கொண்டார். "கான்சன்ட்ரேஷன் ஏறிடும்." அதேதான். அதோடு, அந்தச் செறிவைத் தாங்கும் சக்தியும் மூளைக்குக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் அறுபத்தைந்துக்கு மேல் பிரச்சினை உள்ளவரை "எவ்வளவு குடிக்கிறார்" என்பதை வைத்துப் பிடிக்க முடியாது. வேலைக்கு மட்டம் போடுகிறாரா, சம்பளத்தை அழிக்கிறாரா, தெருவில் விழுகிறாரா என்ற வழக்கமான அடையாளங்களும் இங்கே உதவாது. அவருக்குத்தான் வேலையே இல்லையே. பென்ஷன் அவருடையது. விழுவது வீட்டுக்குள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் மதுப் பிரச்சினைக்குப் பதினொரு அளவுகோல் இருக்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு பொருந்தினால் போதும். அதில் ஒன்று, அதே போதைக்கு வரவர அதிகம் தேவைப்படுவது. முதியவருக்கு நேர்மாறாக, குறைந்த அளவே போதையேற்றும். அந்தக் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

என்ன செய்தோம்

கட்டை அவிழ்த்தோம். மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, எதிரில் கடிகாரம் தெரியும்படி கட்டிலைத் திருப்பினோம்.

குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயாமின், 500 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று தடவை, ரத்தநாளம் வழியாக. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அது வற்றினால் வெர்னிக்கி எனும் மூளைச் சேதம் வரும். குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடைத் தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மூன்றும் சேர்ந்து வருவது சிறுபான்மை நோயாளிகளிடம்தான். சந்தேகம் இருந்தாலே கொடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் நினைவு நிரந்தரமாகப் போகலாம்.

நடுக்கத்துக்கும் பிதற்றலுக்கும் லோரசிபாம், சிறிய அளவில், ஒவ்வொரு தடவையும் மூச்சையும் விழிப்பையும் பார்த்துப் பார்த்து. இளைஞர்களுக்குக் கொடுக்கும் குளோர்டயசிபாக்சைடு முதிய உடம்பில் நாள்கணக்கில் தங்கிவிடும்; கல்லீரல் கெட்டிருந்தால் இன்னும் அதிகமாக. ஹாலோபெரிடாலை மட்டும் நம்புவதில் ஆபத்து இருக்கிறது. அது வலிப்பு வரும் வரம்பைக் குறைக்கும், மது சட்டென்று நின்றதால் உள்ளே நடக்கும் விடுபடுதலை ஒன்றும் செய்யாது. தினசரி அல்பிரசோலமும் சேர்க்கையன்றே நின்றுபோயிருந்தது, சீட்டு வீட்டில் இருந்ததால். அதன் விடுபடுதலும் இதோடு சேர்ந்திருக்க வேண்டும்.

தயாசைடை நிறுத்தினோம். மக்னீசியத்தைச் சரிசெய்தோம். சோடியத்தை அவசரப்படாமல், 24 மணி நேரத்துக்கு எட்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டோம். மது குடித்து மெலிந்த உடம்பில் சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கும்.

ஐந்தாம் நாள் காலை காபி கேட்டார். "ராத்திரி யாரையாச்சும் ஏதாச்சும் பேசிட்டேனா?" என்று நர்ஸிடம் கேட்டாராம்.

எந்தக் கேள்வி பிடிக்கிறது, எது கோட்டை விடுகிறது

1984இல் வெளியான நாலு கேள்விப் பட்டியல் ஒன்று நம் மருத்துவக் கல்லூரிகளில் எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிறது: கேஜ். குறைக்கணும்னு தோணியிருக்கா, யாராவது குறை சொல்லி எரிச்சல் வந்திருக்கா, குற்ற உணர்வு வந்திருக்கா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. பெரியவரிடம் கேட்டேன். நாலுக்கும் இல்லை. குறைக்க எதற்கு, அளவாகத்தானே குடிக்கிறார். வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. குற்ற உணர்வு ஏன் வர வேண்டும்? காலையில் குடித்ததே இல்லை; மூன்று மணி அவர் கணக்கில் ராத்திரி.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் முதியவர்களுக்கென்றே 24 கேள்விகளில் ஒரு பட்டியல் உண்டாக்கினார்கள். அதன் சுருக்கம் பத்துக் கேள்வி; இரண்டுக்கு "ஆமாம்" வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் நான் கேட்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: குடிச்ச பிறகு பசிக்கலைன்னு சாப்பாட்டை விட்டதுண்டா? எடுத்துக்கிட்டா கை நடுக்கம் நிக்குதா? முந்தின ராத்திரி நடந்தது மறந்துபோகுதா? வீட்டில் ஒருத்தரை இழந்த பிறகு கூடியிருக்கா? தனியா இருக்கிற மாதிரி தோணும்போது எடுத்துக்கறீங்களா? யாராவது கேட்டா குறைச்சுச் சொல்றீங்களா?

இந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வி இருக்கிறது. குடியைக் கட்டுக்குள் வைக்க நீங்களே ஏதாவது விதி வைத்திருக்கிறீர்களா என்பது. நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. சிலிண்டரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். திரவம் கண்ணாடியை ஒட்டி மேலேறியிருக்கும், அதைப் பார்க்கக் கூடாது, நடுவில் குழிந்த அடிமட்டத்தைக் கோட்டுக்கு நேராகப் பார்க்க வேண்டும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். குடும்பமே அவர் குடிகாரர் இல்லை என்பதற்குச் சாட்சியாக வைத்திருந்தது அந்தச் சிலிண்டரைத்தான். விதி போட்டுக் குடிக்க வேண்டிய நிலைமை இல்லாதவர் சிலிண்டர் கொண்டுவந்து வைக்கமாட்டார். பத்தில் ஏழுக்கு ஆமாம் வந்தது.

கேள்வித்தாளே கையில் இல்லாவிட்டாலும் மூன்று விஷயம் கேட்டால் போதும் என்பது என் அனுபவம்: என்ன சரக்கு, பாட்டில் எத்தனை நாள் வரும், யார் வாங்கி வருகிறார்கள். "குடிப்பீங்களா" என்பது ஒழுக்கத்தைக் கேட்பதாகக் காதில் விழுகிறது. "எத்தனை நாள் வரும்" என்பது சமையல் எண்ணெயைக் கேட்பது மாதிரி சாதாரணமாக விழுகிறது. பதிலும் சாதாரணமாக வரும். தனியாக வைத்துக் கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த முதியவரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். அவர் தினமும் குடிப்பவர் என்று தெரிந்தால் "ஆபரேஷன் வரைக்கும் தொடாதீங்க" என்று மொட்டையாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வலிப்பும் இந்தப் புத்தித் தடுமாற்றமும் (டெலிரியம்) வீட்டில் வரும்.

பெண்களிடம் இந்தக் கேள்வி போவதே இல்லை. நாள் முழுக்க மீன்கூடை சுமந்த உடம்புவலிக்கு ராத்திரி கொஞ்சம் பிராந்தி எடுத்துக்கொள்ளும் மூதாட்டிகள் இந்தக் கரையோரத்தில் இருக்கிறார்கள். வாங்கி வந்து கொடுப்பது மகனோ பேரனோ. எல்லை தாண்டினால் அரசு உரிமத்தோடு சாராயக்கடையும் கள்ளுக்கடையும் உண்டு. வசதியான வீடுகளில் பசிக்கும் செரிமானத்துக்கும் என்று அரிஷ்டம் பாட்டில் பாட்டிலாகக் காலியாகும். அரிஷ்டத்திலும் புளித்து உண்டான மது இருக்கிறது. பெண் உடம்பில் தண்ணீர் இன்னும் குறைவு என்பதால் சேதம் சீக்கிரம் வரும். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பிறகு

வீட்டுக்குப் போகும் முன் மகன் தனியாக வந்து கேட்டார்: "அப்பாவுக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்கிற மாத்திரை இருக்காமே டாக்டர், அதை எழுதிக் குடுத்துடுங்களேன்." அவர் சொல்வது டைசல்ஃபிரம். மாத்திரையாகவும், பெயர் தெரியாத பொடியாகவும் விளம்பரம் பார்த்து வாங்கிக் கலக்கிறார்கள். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துத் துடிப்பார்கள். இருபத்தைந்து வயதுக்காரன் பெரும்பாலும் பிழைப்பான். சர்க்கரையும் அழுத்தமும் உள்ள 69 வயது இதயம் நின்றுபோகலாம். அதோடு, இவ்வளவு நாள் மரியாதைக்காகக் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது சோற்றில் கலப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. பிறகு தணிந்தது.

பெரியவரோடு பேசியது வேறு மாதிரி. நிறுத்து என்று சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளை முன்னால் வைத்தேன். எண்களை அவரே படித்தார். மறுபடி விழுந்தால் நடை போய்விடும் என்பது அவருக்கு உறைத்தது. டிராமடால் முழுக்க நின்று, கல்லீரல் நொதிகள் இறங்கிய பிறகு, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் தொடங்கினோம். ஓபியம் வகை வலிமருந்து போய்க்கொண்டிருக்கும்போது அதைத் தரக் கூடாது. ஜிப்மர் மனநலத் துறைக்கு அனுப்பினேன். முதல் தடவை போனார், அடுத்த தடவை பஸ் தூரம் என்று போகவில்லை. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லி மருமகள் போனில் பதிந்துவைத்தோம். மூன்று மணி விழிப்புக்கு அது ஒரு தடவை பயன்பட்டது என்று கேள்விப்பட்டேன்.

சேர்க்கையன்று நின்றுபோன அல்பிரசோலத்தை மறுபடி தொடங்கி, பல வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். டோனெபெசிலை நிறுத்தினோம். கிளிமிபிரைடை மாற்றினோம். மருத்துவமனையில் தெளிந்த வாரம் முப்பதுக்கு 19 வாங்கிய நினைவுச் சோதனையில் மூன்றாம் மாதம் 25. அழுத்த மாத்திரை ஒன்றோடு நிற்கிறது. எம்.சி.வி. 96க்கு வந்துவிட்டது, சோடியம் 137.

நாலாம் மாதம் மனைவியின் திதி வந்தது. அன்று ராத்திரி ஒரு தொண்ணூறு. அடுத்த இரண்டு நாளும். மருமகள்தான் போன் செய்தார். "மாமாவே சொல்லச் சொன்னாங்க" என்றார். மறுநாள் வந்தார்கள். திதிக்கு முந்தின வாரம் என்ன செய்வது என்று நாங்கள் யாரும் பேசி வைக்கவில்லை. அடுத்த வருஷத் தேதியை இப்போதே அவர் கோப்பில் எழுதியிருக்கிறோம். அந்த வாரம் மகன் லீவு போட்டு வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கால் மரப்பு குறையவில்லை. பி12 எல்லைக்கோட்டில் இருந்ததால் ஊசி போட்டுப் பார்த்தோம், பெரிய மாற்றமில்லை. கைத்தடியோடு நடக்கிறார். கல்லீரல் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொடர்கின்றன.